பாஸ்டரின் தலையில் பூசிய எண்ணெய்

எங்கள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் என் ஒரு நாற்காலிக்கு இரண்டு பெண்களைப் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்? மிஷினும் நன்றாக இருக்கிறது. தலையில் குல்லா மாதிரி மாட்டிவிட்டால், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகத் திரையில் காட்டிவிடுகிறது. அந்தக் கோடுகளுக்காக நாங்கள் ஒவ்வொரு ஒயராகத் தலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தோம்.

"எல்லாம் சரிதான் பேச்சியக்கா," என்றாள் ஒரு பெண். "எண்ணெய்த் தலையோட வந்தா இந்தக் குல்லாவும் மக்கர் பண்ணுது. நீங்க இருந்தப்ப என்ன செய்வீங்க?"

"திட்டுவேன்."

"அதுக்கும் கேக்கலைன்னா?"

உடனே பாஸ்டர் ஞானமுத்துவின் தலை என் கண்முன் வந்து நின்றது. சிரித்துவிட்டேன். அந்தப் பெண்கள் விடவில்லை, என்ன என்று கேட்டு நச்சரித்தார்கள். டீ வரட்டும் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அங்கே சொன்னதைத்தான் இப்போது கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஊர் பாலவனத்தம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் இ.இ.ஜி. எடுக்கப் படித்தேன். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளந்து, காதுக்குக் காது அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு ஒயர் ஒட்ட வேண்டும். படித்த படிப்பு முழுவதும் இவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் அருப்புக்கோட்டை மனிதர்களின் தலைகள்தான் கற்றுக்கொடுத்தன.

ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கி, மணல் கலந்த மாதிரி இருக்கும் ஒரு பசையால் தோலைத் தேய்க்க வேண்டும். மெல்லத் தேய்த்தால் கோடு சரியாக வராது, அழுத்தித் தேய்த்தால் நோயாளி வைவார். அதற்கு மேல் வெள்ளைப் பசை, அதற்கு மேல் ஒயரின் முனை. பிறகு கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு, இந்த வெளிச்சத்தைப் பார். கடைசியில் தூங்கு. சில வலிப்புகள் தூக்கத்தில்தான் தலைகாட்டும். அதனால் முதல் நாள் இரவு முழுக்கத் தூங்காமல், தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் படாமல் வரச் சொல்வோம். தூங்காதே என்றால் தூங்கிவிட்டு வருவார்கள். எண்ணெய் கூடாது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, தலை பரட்டையாக இருந்தால் டாக்டர் என்ன நினைப்பார் என்று வழிய வழியத் தடவிக்கொண்டு வருவார்கள்.

இந்த மிஷின் மனசில் ஓடுவதைப் படித்துவிடும் என்று முக்கால்வாசிப் பேருக்குப் பயம். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒருவர், ஒயரைக் கழற்றியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, நடுவுல கொழுந்தியா நெனப்பு ஒண்ணு குறுக்க வந்துருச்சு. அது பேப்பர்ல வருமா? வீட்டுக்காரி வெளிய நிக்கிறா," என்றார். வராது என்றேன். அப்படியானால் எதற்கு இவ்வளவு துட்டு வாங்குகிறீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

எனக்கு மேலே இருந்தவர் மூளை நரம்பு டாக்டர் தனராஜ். செவ்வாயும் வெள்ளியும் மதுரையிலிருந்து வருவார். அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், மரியாதை கூடும். "பேச்சி" என்று கூப்பிட்டால் எல்லாம் சுகம். "பேச்சியம்மா" என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. "பேச்சியம்மாள் மேடம்" என்று காற்றோடு காற்றாகச் சொன்னால், நான் பையை எடுத்துக்கொண்டு பாலவனத்தம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கோடுகளைப் பார்க்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொள்வார். அப்போது அறையில் யாரும் இருமக்கூடக் கூடாது. தெரிந்ததைத் தெரியும் என்று எழுதுவார், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவார். "இவ்வளவு படிச்ச டாக்டரு தெரியாதுங்கிறாரே" என்று சொந்தக்காரர்கள் எங்களிடம் வந்து குறைப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்ப் பாடுகிறவர் அவர். ஒருமுறை நர்ஸ் ஒருத்தி, இந்த மிஷினில் ஆத்துமா தெரியுமா என்று கேட்டாள். "அதுக்கு இன்னும் ஒயர் வரலைம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருக்கும்போது, மாசி மாதத்தில் எஸ்தர் டீச்சர் வந்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். வார நாட்களில் பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆதாம் ஏவாள் கதை சொல்வார். ஏனென்றால் அவர் கணவர் ஞானமுத்து, திருச்சுழி ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சபைக்குப் பாஸ்டர்.

"எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு டாக்டர்," என்றார் டீச்சர். "என் சமையல்கட்டுக்குள்ள இவுக ஆறு நாள் படைப்பைக் கொண்டுவரக் கூடாது. இவுக பிரசங்கத்துக்குள்ள நான் குரங்கைக் கொண்டுவரக் கூடாது. அதனாலதான் இத்தனை வருஷம் ஓடுச்சு."

வந்த விஷயம் இதுதான். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே திடீரென்று நின்றுவிடுவார். கண் ஒரே இடத்தில் நிலைக்கும். வாய் எதையோ சப்பும், வலது கை சட்டைப் பொத்தானைத் தடவும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்து, "மழை வாசம் அடிக்குது," என்பார். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்று கத்தும். அதைத் தேவ பிரசன்னம் என்றே எல்லாரும் நம்பினார்கள், பாஸ்டர் உட்பட. சபைக்கு வராத விவசாயிகளுக்கு, எங்கள் பேச்சில் சம்சாரிகளுக்கு, அதில் வேறு லாபம் இருந்தது. பாஸ்டருக்கு மழை வாசம் அடித்துவிட்டது என்று தெரிந்தால், களத்தில் காயப்போட்ட மிளகாயை எல்லாரும் ஓடிப்போய் அள்ளிவிடுவார்கள்.

"மழை வருமா?" என்று டாக்டர் கேட்டார்.

"என்னைக்காவது வரும். வராத நாளை எவன் கணக்கு வைக்கிறான்? சும்மா ஓடிப்போய் அள்ளினவனுக்கு இடுப்பு வலியோட போச்சு. ஓடாம நின்னவனுக்கு மிளகா போச்சு. ஓடுறவன் வம்சம்தான் தழைக்கும் டாக்டர். இதைத்தான் நான் பிள்ளைகளுக்கு நடத்துறேன்."

டாக்டர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பாஸ்டர் போன வாரம் டி.வி.எஸ். மொபெட்டோடு கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்திருக்கிறார். அதைவிடப் பெரிய பயம் வேறு. பங்குனியில் முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். பாஸ்டர் கண்மாய்த் தண்ணீரில் இறங்கி, ஆட்களை ஒவ்வொருவராக மல்லாக்கப் பிடித்து, தண்ணீருக்குள் முக்கி எடுக்க வேண்டும்.

"ஆளை உள்ள முக்கிட்டு இவுக வாயைச் சப்பிக்கிட்டு நின்னுட்டா?" என்றார் டீச்சர். "கரையில நிக்கிறவுக ஸ்தோத்திரம்னு கைதட்டுவாக டாக்டர். யாரும் தூக்க மாட்டாக."

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

பாஸ்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பயந்த கண். முன்பு அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் ஒரு கோடை மத்தியானம், திருச்சுழி ரோட்டில் சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு பொட்டு மேகம் இல்லை. திடீரென்று மழை வாசம் மூக்கை நிறைத்திருக்கிறது. பக்கத்தில் யாரோ வந்து நிற்கிற மாதிரி, தன்னைப் பேர் தெரிந்து பார்க்கிற மாதிரி இருந்திருக்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் முழங்கால் போட்டவர், அடுத்த வாரமே மில்லை விட்டு ஊழியத்துக்கு வந்துவிட்டார். அந்த வாசத்தைத்தான் இப்போது நாங்கள் சோதிக்கப் போகிறோம் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "ஜெபிச்சுட்டுத்தான் வருவேன்." வாங்க என்றேன். ராத்திரி தூங்கக் கூடாது, தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். "தூங்காம இருக்கிறதா? அதை எங்க சபைகிட்ட விட்டுருங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பாஸ்டரைத் தூங்கவிடாமல் முழு இரவு ஜெபம் நடத்திய சபை. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாகத் தூங்காமல் வந்த நோயாளி அவர் ஒருவர்தான். ஆனால் கூட வந்தவர்களும் அப்படியே வந்திருந்தார்கள். இறங்கிய வேகத்தில் பாதிப் பேர் வராந்தாவில் சரிந்தார்கள். அவர்களைத் தாண்டிப் பாஸ்டர் வந்தார். காலை வெயிலில் அவர் தலை பளபள என்று மின்னியது.

கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"யாரு பாத்த வேலை இது?"

சபை மூப்பர் சாலமோன் முன்னால் வந்தார். மிளகாய்க் கமிஷன் கடை வைத்திருப்பவர். கையில் எண்ணெய்ப் பாட்டில். "சொகமில்லாதவுகளை எண்ணெய் பூசி ஜெபிச்சு அனுப்புறதுதான எங்க வழக்கம். ஊருக்கெல்லாம் பூசிவிடுற ஐயாவுக்கு நாங்க பூசாம விட்டா நல்லாவா இருக்கும்? விடியக்காலம் பூசினோம். வீரசோழன் ஊர்ல பாய் கடையில வாங்கின ஒரிஜினல் ஆலிவ் எண்ணெய்."

"எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நாங்க எங்க தேச்சோம்? அபிஷேகம்ல பண்ணோம்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்கக் காவல் இருந்துவிட்டு, விடியும்போது சற்றுக் கண்ணசந்திருக்கிறார். அந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தலையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேச்சியம்மாள் மேடம்," என்றார். சத்தமே இல்லை, உதடுதான் அசைந்தது.

தலையை அலசலாம் என்றால் தண்ணீர் லாரி அன்றைக்கு வரவில்லை. மாசியில் எங்கள் ஊரில் தண்ணீர் கேட்பது கடன் கேட்பது மாதிரி. டீக்கடையில் கெஞ்சி இரண்டு குடம் வாங்கினேன். பெட்டிக்கடையில் ஷாம்புப் பாக்கெட்டை மாலையாக வாங்கினேன். பின்பக்கம் பாஸ்டரைக் குனிய வைத்துச் சொம்பை எடுத்தால், மூப்பர் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"பூசின எண்ணெயைக் கழுவலாமா? ராப்பூரா ஜெபிச்ச ஜெபம்மா. தண்ணியோட சாக்கடைக்குப் போகவா?"

சபையில் பாதி அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. வேண்டுமானால் வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அம்மா யோசனை சொன்னார். கண்ணில் ஷாம்பு எரிய, குனிந்தபடியே பாஸ்டர் சத்தம் போட்டார். "ஏ மூப்பரே! எண்ணெய்தான்யா போகும், ஜெபம் போகாது. ஊத்தச் சொல்லும்!"

ஊற்றினேன். இரண்டு குடமும் தீர்ந்தது.

ஒயர்களை ஒட்டி முடித்ததும் பாஸ்டர் படுத்த நிமிடமே குறட்டை விட்டார். திரையில் வலது காதுக்கு மேலே ஒட்டிய ஒயரில் கூர் கூராகக் கோடுகள் எழும்பின. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் விழித்தார். கண் நிலைத்தது, வாய் சப்பியது, கை பொத்தானைத் தேடியது. திரையில் கூர்க்கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஓடின. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கோடுகள் அடங்கின. சற்று நேரம் மலங்க மலங்க விழித்தார். பிறகு தெளிவாக, சந்தோஷமாக, "மழை வாசம் அடிக்குது," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னல் ஓரமாக நின்ற கருப்பையா என்ற சம்சாரியின் காதில் அது விழுந்துவிட்டது. பங்குனி ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்திருந்த ஆள். உடனே போனை எடுத்தார். "ஏ புள்ள! ஐயாவுக்கு அடிச்சிருச்சு! களத்துல கெடக்குற மிளகாயை அள்ளு, வெரசா!"

டாக்டர் சிரிப்பு வெடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட்டார்.

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். திரையைப் பாஸ்டர் பக்கம் திருப்பி, கூர்க்கோடுகளைக் காட்டி, இது ஒரு வகை வலிப்பு, மாத்திரையில் நிற்கக்கூடியது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பாஸ்டர் அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ரோட்டுல என்னைக் கூப்பிட்டது இந்தக் கோடுதானா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இது இன்னைக்கு வந்த கோடு. அன்னைக்கு உங்களுக்கு நான் ஒயர் மாட்டலை. ஆனா கேட்டுட்டீங்க, பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப என் ஊழியமே நோயா?"

"வாசம் நோய். வலிப்புங்கிறது ரெண்டு நிமிஷம் பாஸ்டர். டீச்சர் சொன்னாங்க, அதுக்கப்புறம் இத்தனை வருஷம் நாதியில்லாத பிணத்தை எடுத்துப் போட்டது, குடிகாரன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, இதெல்லாம் எந்த வலிப்பும் செய்யாது."

"ரெண்டு நிமிஷம் தப்புன்னா, அதை நம்பி ஏறின பஸ்ஸே தப்பான பஸ்ஸுதான டாக்டர்?"

டாக்டர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "மூக்குதான் நம்ம தலைக்குள்ள ரொம்பப் பழைய சொத்து. நமக்கு முன்னாடி இருந்த உசுருக எல்லாம் மோந்து பாத்துத்தான் பொழைச்சது. தண்ணி எங்க, இரை எங்க, ஆபத்து எங்கன்னு. இந்தக் காஞ்ச காட்டுல பொறந்த ஒருத்தனைக் கூப்பிடணும்னு கடவுள் நெனச்சா, வேற எந்தக் கதவைத் தட்டுவாரு? மழை வாசத்தைத்தான் விடுவாரு. வலிப்பு வழியா வந்தா என்ன, வாசல் வழியா வந்தா என்ன?"

"பாத்தீங்களா டாக்டர்," என்று பாஸ்டர் எகிறினார். "கெடச்சதுடா சாக்குன்னு என்னைக் குரங்காக்கிட்டா! மோந்து பாத்து வர்றதுக்கு நான் என்ன மிருகமா?"

"குரங்குன்னா உங்களுக்குக் கோவம் வருது. ஞாயித்துக்கிழமையானா சபை மொத்தத்தையும் ஆடு ஆடுன்னு கூப்பிடுறீங்க. அதுக்கு மட்டும் எல்லாரும் ஆமென் சொல்றாக. ஆடு மிருகமில்லையா? அதை விடுங்க. மண்ணைப் பிசைஞ்சு செஞ்சாருன்னா பெருமை, குரங்குல இருந்து செஞ்சாருன்னா கேவலமா? குரங்குக்கு மண்ணைவிடக் கொஞ்சமாவது அறிவு இருக்கு!"

நான் சிரிப்பை அடக்க, கையில் கொண்டுவந்திருந்த ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். டாக்டர் கையை உயர்த்தினார். "டீச்சர், நீங்க சொல்றது அழகா இருக்கு. ஆனா எது நடந்திருந்தாலும் அதுக்கு ஏத்த மாதிரி இப்படி ஒரு கதை சொல்லிரலாம். சோதிச்சுப் பாக்க முடியாது."

"உங்க கோடு மட்டும் என்ன டாக்டர்? எந்த இடத்துலன்னு சொல்லுது. யாருன்னு சொல்லுதா?"

"சொல்லாது," என்றார் டாக்டர் உடனே. "அதை நான் ஒத்துக்கிறேன்."

பாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திரை போட்டா அந்த வாசம் போயிருமா?"

"போறதுக்குத்தான் மாத்திரை."

"அப்ப வேண்டாம்." எழுந்துவிட்டார். "மில்லை விட்டேன், சொந்தபந்தத்தை விட்டேன். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் டாக்டர். அதையும் தண்ணி ஊத்தி முழுங்கச் சொல்றீங்களே."

டீச்சரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அதுவரை சட்டம் பேசிய அம்மா, "எனக்கு நீங்க வேணும்," என்று மட்டும் சொன்னார். பாஸ்டர் கதவில் கை வைத்துவிட்டார். பங்குனிக் கண்மாயும் கரையில் கைதட்டும் கூட்டமும் கண்ணுக்குள் வந்து போயின.

கதவை அவர் திறப்பதற்குள் வெளியிலிருந்து யாரோ திறந்தார்கள். மூப்பர் சாலமோன், கையில் அதே பாட்டில். "டெஸ்ட்டு முடிஞ்சிருச்சாமே? எண்ணெயைத் திரும்பப் பூசிருவோமா ஐயா? கழுவினதுல இருந்து சபைக்கு மனசே சரியில்ல."

பாஸ்டர் இருந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினார். "எத்தனை தடவைய்யா சொல்றது உமக்கு? எண்ணெய்தான் போகும், ஜெபம் போகாது!"

மூப்பர் பின்வாங்கினார். டீச்சர் நிதானமாகத் தலை நிமிர்ந்தார். "அதை இன்னொரு தடவ சொல்லுங்க."

பாஸ்டர் கதவிலிருந்து கையை எடுத்தார். சட்டைப் பொத்தானைத் தடவினார். வலிப்பு வந்துவிட்டதோ என்று நான் பதறினேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்புறமா ஒண்ணுமே மிஞ்சலைன்னா எஸ்தரு?"

"மிஞ்சலைன்னா ஞாயித்துக்கிழமையாவது நேரத்தோட வீட்டுக்கு வந்து சூடாக் கறி தின்பீங்க."

பாஸ்டர் டாக்டரைப் பார்த்தார். "எத்தனை வேளை?"

"ரெண்டு வேளை. வண்டி ஓட்டக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் கண்மாய்ல இறங்கக் கூடாது." எழுதி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பேச்சி, அவர் தலையில பசை ஒட்டியிருக்கு பாரு, துடைச்சு விடு." பேச்சி! எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மாத்திரை வேலை செய்தது. வாசம் நின்றது. பிரசங்கம் தடங்கல் இல்லாமல் ஓடியதால் நீளமாகிவிட்டது என்று சபைக்குக் குறை. வானிலை அறிக்கை சரியில்லை என்று சம்சாரிகளுக்குக் குறை. மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் டாக்டர் ஒரு கேள்வி கேட்பார், "எப்படி இருக்கு?" பாஸ்டர் ஒரே பதில் சொல்வார். "ஒண்ணும் வரலை டாக்டர். ஜெபிக்கிறேன், சுவத்தைப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கு. ஆனா ஜெபிக்கிறேன்." அதைக் கேட்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கும். நான் கும்பிடுகிறது மாரியம்மனை. ஆனாலும் அந்த மனிதருக்காகத் பாலவனத்தம் பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருத்தர் பதில் சொன்னால் சரி.

அடுத்த பங்குனியும் தாண்டி, அதற்கடுத்த பங்குனியில்தான் டாக்டர் தண்ணீரில் இறங்க விட்டார். டீச்சர் போன் செய்து என்னைக் கூப்பிட்டார். "நீங்க கரையில இருங்கக்கா. எனக்குத் தைரியமா இருக்கும்."

போனேன். அந்த வருடம் நல்ல மழை. கண்மாயில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரி புழுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் பாஸ்டர் மேல். முதல் ஆள் கருப்பையா. பேர் கொடுத்து இரண்டு வருடமாகக் காத்திருந்தவர். பாஸ்டர் ஒரு கையை அவர் முதுகிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து மல்லாக்கச் சாய்த்தார்.

சாய்த்தவர் நின்றுவிட்டார். தலை நிமிர்ந்தது. கண் தூரத்தில் நிலைத்தது.

கரையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. டீச்சர் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி ஓடினார். நான் செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே இறங்கினேன்.

பாஸ்டர் மெல்லத் திரும்பினார். வாய் சப்பவில்லை. "எஸ்தரு," என்றார். "மழை வாசம் அடிக்குது. ஒனக்கும் அடிக்குதா?"

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். முகம் அப்படியே மலர்ந்தது. "அடிக்குதுங்க."

"பேச்சியக்கா, உங்களுக்கு?"

எனக்கும் அடித்தது. வடக்கே எங்கோ காட்டில் விழுந்துவிட்ட மழையின் வாசம், கரிசல் மண் வாசம், காற்றோடு வந்துகொண்டிருந்தது. "நல்லா அடிக்குது பாஸ்டர்," என்றேன்.

"எல்லாருக்கும் அடிக்குதா?" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். எல்லாரும் ஆமாம் என்று கத்தினார்கள். அந்த உயரமான மனிதர் தண்ணீரில் நின்றபடி, கையில் ஆளை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். இத்தனை வருடமாக அவருக்கு மட்டும் அடித்த வாசம். எனக்கும் கண் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் கையில் பாதி சாய்ந்தபடியே கிடந்த கருப்பையா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயா, முக்குறதா இருந்தா சட்டுனு முக்கி எடுங்க. மிளகா களத்துல கெடக்கு."